நர்சிங் படிப்புக்குப் போடும் பணம் திரும்ப வருமா? கடலூர், புதுச்சேரி வீடுகளில் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் கடலூர் பக்கத்துப் பெற்றோரும் பிள்ளைகளும் என்னைப் போன்ற நர்ஸ்களிடம் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நர்சிங் நல்ல படிப்பு, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் ஒரே பட்டத்தை ஒருவர் சில ஆயிரம் ரூபாயில் வாங்குகிறார், இன்னொருவர் ஏழு லட்சம் கொடுத்து வாங்குகிறார். வேலைக்குப் போகும்போது இருவருக்கும் ஒரே சம்பளம். இந்தக் கணக்கைச் சேர்வதற்கு முன்பே போட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

நர்சிங் படித்தால் வேலை நிச்சயமா?

வேலை கிடைக்கும். மஞ்சக்குப்பத்திலிருந்து நெல்லிக்குப்பம், பண்ருட்டி வரை எந்தத் தனியார் மருத்துவமனையிலும் ஸ்டாஃப் நர்ஸ் தேவை இருந்துகொண்டே இருக்கிறது. என்ன சம்பளத்துக்கு என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

மொத்தம் எவ்வளவு செலவாகும்?

எந்த சீட் என்பதைப் பொறுத்தது. பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டு. அரசுக் கல்லூரியில் கல்விக் கட்டணம் மிகக் குறைவு. ஹாஸ்டல், சாப்பாடு, யூனிஃபார்ம், புத்தகம் இவைதான் உண்மையான செலவு. தமிழ்நாட்டில் பிளஸ் டூ இயற்பியல், வேதியியல், உயிரியல் மதிப்பெண்ணை வைத்துக் கவுன்சலிங் நடக்கிறது. தனியார் கல்லூரிகள் ஒப்படைக்கும் அரசு ஒதுக்கீட்டு இடங்களும் அதில் வரும். அவற்றுக்கு அரசு நிர்ணயித்த கட்டணம்தான். நிர்வாக ஒதுக்கீடும் நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் வேறு ரகம். அங்கே ஆண்டுக் கட்டணமே ஒரு லட்சத்தைத் தொடுவதும் தாண்டுவதும் சாதாரணம்.

நம் மாவட்டப் பிள்ளைகள் மறக்கக்கூடாத இடம் சிதம்பரம். ராணி மெய்யம்மை நர்சிங் கல்லூரி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது. 2021-ல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியோடு சேர்த்து அதையும் அரசு சுகாதாரத் துறைக்கு மாற்றியது. மற்ற அரசுக் கல்லூரிகளுக்கு இணையான கட்டணம் கேட்டு மாணவர்கள் வாரக்கணக்கில் உட்கார்ந்து போராடிய பிறகுதான் அது நடந்தது. அந்தப் பிள்ளைகளின் பிடிவாதத்தால் இன்று சிதம்பரத்தில் சீட் கிடைப்பவருக்குப் பெரிய சேமிப்பு.

கட்டணப் பட்டியலில் வராத செலவுகளும் உண்டு. ரெக்கார்டு நோட்டு, பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டணம், வெளியூர் மனநல மருத்துவமனைக்கு கிளினிக்கல் போஸ்டிங் போகும் செலவு, முடித்ததும் நர்சிங் கவுன்சிலில் பதிவு. "மற்றவை" என்று ஒரே வரியில் எழுதியிருந்தால் அதைப் பிரித்து எழுதிக் கேளுங்கள்.

கடலூர்ப் பிள்ளை புதுச்சேரியில் அரசு சீட் வாங்க முடியுமா?

புதுச்சேரி அரசு ஒதுக்கீடு சென்டாக் என்ற அந்த ஊர்ச் சேர்க்கைக் குழு வழியாக அந்த ஊர்க்காரர்களுக்குப் போகிறது. அன்னை தெரசா பட்டமேற்படிப்பு நிலையம் போன்ற இடங்கள் அதில் வரும். எல்லை தாண்டினால் பத்து நிமிடம்தான் என்றாலும் இருப்பிடச் சான்று இல்லாமல் அங்கே போட்டியிட முடியாது.

ஜிப்மர் வேறு. அது மத்திய அரசு நிறுவனம். பி.எஸ்சி. நர்சிங்குக்கு நீட் மதிப்பெண்ணை வைத்துச் சேர்க்கிறார்கள், இந்தியா முழுவதிலிருந்தும் விண்ணப்பிக்கலாம். "எம்.பி.பி.எஸ். கிடைக்காது, நீட் எதற்கு" என்று நம் பெண்கள் விண்ணப்பமே போடாமல் விடுவது எனக்கு வருத்தம். எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் போதாத மதிப்பெண் கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மரில் நர்சிங் சீட்டுக்குப் போதுமானதாக இருக்கலாம்.

அதே நீட் மதிப்பெண்ணில் இன்னொரு வாசலும் இருக்கிறது. ராணுவ நர்சிங் கல்லூரிகளில் திருமணமாகாத பெண்களுக்கு 4 ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் இலவசம். தங்குமிடம், உணவு, உதவித்தொகை உண்டு. முடித்ததும் ராணுவ நர்சிங் சேவையில் அதிகாரியாகச் சேர்கிறார்கள். சேவை செய்வதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுக்க வேண்டும். உடல் தகுதித் தேர்வும் நேர்காணலும் உண்டு. வீட்டுக்குச் செலவே இல்லாத வழி இது ஒன்றுதான். ஊர்ப்புறங்களில் யாருக்கும் இது தெரிவதில்லை.

அரசு சீட் கிடைக்கவில்லை. கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் சேர்க்கலாமா?

இதற்குக் காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

ஆண்டுக் கட்டணம் ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஆண்டுக்கு 4 லட்சம், முழுவதும் வங்கிக் கடன். வட்டி 10 சதவீதம். படிக்கும் காலமும் அதன் பிறகு ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். ஆனால் வட்டி நிற்காது. ஆண்டுக்கு ஒரு லட்சமாக எடுத்த பணத்துக்கு அந்த ஐந்து ஆண்டில் சாதாரண வட்டியே 1,40,000 ரூபாய் ஏறிவிடும். கட்டத் தொடங்கும்போது கடன் 5,40,000. ஏழு ஆண்டில் அடைப்பதாக வைத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 8,960 ரூபாய். ஏழு ஆண்டில் கட்டியது ஏழரை லட்சம்.

இப்போது சம்பளப் பக்கம். கடலூரில் சிறிய, நடுத்தர மருத்துவமனைகளில் புதிதாகச் சேரும் நர்ஸுக்கு 10,000 முதல் 15,000 வரை பேசுகிறார்கள். 13,000 என்று எடுத்துக்கொள்ளுங்கள். பி.எஃப். 1,560, இ.எஸ்.ஐ. 98 பிடித்தம் போகக் கைக்கு 11,342. அதில் தவணை 8,960 போனால் மிச்சம் 2,382 ரூபாய். பஸ்ஸுக்கும் டீக்கும் ஆகும். நைட் டூட்டி பார்த்துவிட்டு வரும் பிள்ளை கையில் அவ்வளவுதான் நிற்கும்.

இதில் ஹாஸ்டல் செலவைச் சேர்க்கவே இல்லை. அது மாதம் ஐந்தாயிரம் என்றால் நான்கு ஆண்டில் இன்னும் 2,40,000.

அதனால் என் பதில் இது. உள்ளூர்த் தனியார் மருத்துவமனையிலேயே தங்கிவிடுவது என்பதுதான் திட்டம் என்றால், முழுக் கடனில் நிர்வாக ஒதுக்கீட்டு சீட் வாங்காதீர்கள். அரசுத் தேர்வு எழுதவோ வெளிநாடு போகவோ பிள்ளைக்கு உண்மையான விருப்பமும் வீட்டில் சம்மதமும் இருந்தால் மட்டும் யோசிக்கலாம். அப்போதும் வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வரக்கூடிய கல்லூரியாகப் பாருங்கள். நர்சிங் கல்லூரிகள் இருக்கும் பிள்ளையார்குப்பம், கிருமாம்பாக்கம் எல்லாம் கடலூர் – புதுச்சேரி சாலையிலேயே இருக்கின்றன.

கடன் வாங்கியே ஆக வேண்டும் என்றால் எப்படி வாங்குவது நல்லது?

4 லட்சம் வரை அடமானம் கேட்கக்கூடாது என்பது கல்விக் கடன் திட்டத்தின் அடிப்படை. பெற்றோர் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்தால் வங்கி காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்ப முடியாது. விண்ணப்ப எண் கையில் இருக்கும். நிர்வாக ஒதுக்கீடு என்றால் அரசு அங்கீகரித்த கட்டணத்துக்கு மட்டுமே வங்கி கடன் தரும். ரசீது இல்லாமல் கொடுக்கும் டொனேஷனுக்குக் கடனும் இல்லை, வரிச்சலுகையும் இல்லை, நாளைக்குக் கேட்க ஆதாரமும் இல்லை.

முடிந்தால் படிக்கும்போதே வட்டியை மட்டுமாவது கட்டிவிடுங்கள். மேலே சொன்ன கணக்கில் முதல் ஆண்டில் மாதம் 833 ரூபாய்தான், நான்காம் ஆண்டில் 3,333. தவணை தொடங்கும் வரை அப்படிக் கட்டினால் பின்னால் தவணை 8,960-க்குப் பதில் 6,640 ஆகும். அதற்கு வட்டியில் ஒரு சதவீதம் குறைக்கும் வங்கிகளும் இருக்கின்றன. பெண் பிள்ளைகளுக்குத் தனியே அரை சதவீதம் குறைப்பவையும் உண்டு. கேட்டால்தான் சொல்வார்கள்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பையனுக்குத் தமிழ்ப் புதல்வன். அந்த ஆயிரத்தை அப்படியே வட்டிக்குத் திருப்பிவிட்டால் முதல் ஆண்டு வட்டி சரியாகிவிடும். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்கள் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குச் சேர்ந்த உடனேயே விண்ணப்பிக்க வேண்டும். கல்லூரி அலுவலகம் நினைவுபடுத்தும் என்று காத்திருக்காதீர்கள்.

தனியாரில் ஏன் இவ்வளவு குறைந்த சம்பளம்? சட்டம் எதுவும் இல்லையா?

நர்ஸ்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2016-ல் நீதிமன்றம் சொன்னதன்படி மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. அந்தக் குழுவின் பரிந்துரை தெளிவானது. 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனை அந்த மாநில அரசு நர்ஸுக்கு இணையாகத் தர வேண்டும். 100 முதல் 200 படுக்கை என்றால் அதில் 10 சதவீதம் வரை குறையலாம், 50 முதல் 100 என்றால் 25 சதவீதம் வரை. 50 படுக்கைக்குக் குறைந்த இடத்திலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது.

கேரள அரசு 2018-ல் குறைந்தபட்சச் சம்பளம் 20,000 என்று அறிவித்தது. அங்கே நர்ஸ்கள் சங்கமாகத் திரண்டு வேலைநிறுத்தம் வரை போனதால் கிடைத்தது அது. நம் பக்கம் அந்தப் பரிந்துரை இன்னும் காகிதத்திலேயே இருக்கிறது. பத்து நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று ஓடவிட்டு 12,000 கொடுப்பது அநியாயம் என்பதை நான் வெளிப்படையாகவே சொல்வேன். ஆனால் உங்கள் குடும்பக் கணக்கை இன்று கிடைக்கும் சம்பளத்தில் போடுங்கள், கிடைக்க வேண்டிய சம்பளத்தில் போடாதீர்கள்.

அரசு வேலை கிடைத்தால் எவ்வளவு?

தென்பெண்ணை ஆற்றுக்கு வடக்கே புதுச்சேரியில் ஒரு கணக்கு, தெற்கே தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு கணக்கு.

ஜிப்மர், எய்ம்ஸ் போன்ற மத்திய நிறுவனங்களில் நர்சிங் ஆபீசர் மத்திய சம்பள அட்டவணையில் லெவல் 7-ல் சேர்கிறார். அடிப்படைச் சம்பளம் 44,900. அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி, நர்சிங் படி எல்லாம் சேர்ந்து பிடித்தத்துக்கு முன் 80,000-ஐத் தாண்டிவிடும். புதுச்சேரி அரசு மருத்துவமனைகளும் மத்திய சம்பள விகிதத்தையே பின்பற்றுகின்றன.

தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், அதாவது எம்.ஆர்.பி., ஆள் எடுக்கிறது. முதலில் தொகுப்பூதியம்தான். 2015-ல் சேர்ந்தவர்கள் 7,700 ரூபாயில் தொடங்கினார்கள். பிறகு 14,000, அப்புறம் 18,000 என்று ஏறியது. நிரந்தரம் ஆன பிறகு அடிப்படையே 35,000-க்கு மேல். ஆனால் இடையில் எத்தனை ஆண்டு காத்திருப்பது என்பதுதான் வேதனை. இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற நம்பிக்கையில் சேர்ந்தவர்கள் அதன் பிறகும் தெருவில் நின்று கேட்க வேண்டியிருந்தது. எனவே வங்கித் தவணையைக் கணக்கிடும்போது 18,000-ஐ வைத்துக் கணக்கிடுங்கள்.

நர்சிங் ஆபீசர் பணிக்கு எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வுக்குப் பொதுவாக வயது வரம்பு 30. பி.எஸ்சி. முடித்தவர் நேரடியாக எழுதலாம். டிப்ளமோ என்றால் 50 படுக்கைக்குக் குறையாத மருத்துவமனையில் இரண்டு ஆண்டு அனுபவம் வேண்டும். பெரும்பாலும் ஆண்டுக்கு இருமுறை வருகிறது, முதல்நிலை, முதன்மை என்று இரண்டு கட்டம். நம் பிள்ளைகள் பாடத்தில் பின்தங்கியவர்கள் இல்லை. இந்தியில் நோயாளியிடம் பேச வேண்டுமே, வடக்கே போட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் விண்ணப்பிப்பதே இல்லை. மதுரையிலும் ஆந்திராவில் மங்களகிரியிலும்கூட எய்ம்ஸ் இருக்கிறது. வடக்கே போனாலும் ஆறு மாதத்தில் பேச வந்துவிடும்.

டிப்ளமோ போதுமா, பி.எஸ்சி.தான் வேண்டுமா?

ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ 3 ஆண்டு. ஓராண்டு முன்னதாகவே சம்பாதிக்கலாம், கட்டணமும் குறைவு. அரசு மருத்துவமனையோடு இணைந்த பள்ளியில் இடம் கிடைத்தால் தயங்காமல் சேருங்கள், உதவித்தொகையும் உண்டு. எம்.ஆர்.பி. தேர்வில் டிப்ளமோவுக்கும் பட்டத்துக்கும் ஒரே பணி, ஒரே ஊதியம்.

தனியார் கல்லூரியில் இரண்டில் ஒன்று என்றால் பி.எஸ்சி. பக்கம்தான் நிற்பேன். டிப்ளமோ முடித்துப் பிறகு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. 2 ஆண்டு படித்தால் மொத்தம் 5 ஆண்டு ஆகிவிடும். வளைகுடாவில் பல நல்ல பணிகள் பட்டம் கேட்கின்றன. ஆசிரியப் பணிக்கும் பட்டம் தேவை.

"ஒரே ஆண்டில் நர்ஸ் ஆகலாம்" என்று போஸ்டர் ஒட்டியிருக்கிறார்களே?

ஆக முடியாது. இதை ஊர் ஊராகச் சொல்ல வேண்டும். ஓராண்டு, இரண்டு ஆண்டு "நர்சிங் உதவியாளர்" சான்றிதழை வைத்துக்கொண்டு தமிழ்நாடு செவிலியர் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் ஸ்டாஃப் நர்ஸாகப் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லை என்றால் அரசுத் தேர்வும் இல்லை, வெளிநாடும் இல்லை. சிறு கிளினிக்கில் குறைந்த சம்பளத்துக்கு ஊசி போட வைப்பார்கள். ஏதாவது தவறு நேர்ந்தால் முதலில் மாட்டுவது அந்தப் பிள்ளைதான். ஐம்பதாயிரம் கட்டி ஏமாந்த குடும்பங்கள் பெரும்பாலும் கூலி வேலை செய்பவர்கள். ஏ.என்.எம். என்பது வேறு. அது அங்கீகாரம் உள்ள 2 ஆண்டுப் படிப்பு, கிராமச் சுகாதாரச் செவிலியர் வேலைக்கு உரியது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வெளிநாடு போனால் கடன் அடைந்துவிடுமா?

அடையும், ஆனால் படித்து முடித்த மறுநாள் போக முடியாது. வளைகுடாவில் பெரும்பாலும் இரண்டு ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். அதனால் முதல் வேலையை எங்கே சேர்கிறீர்கள் என்பது முக்கியம். சம்பளம் ஆயிரம் ரூபாய் குறைந்தாலும் ஐ.சி.யூ., டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர் அனுபவம் தரும் பெரிய மருத்துவமனையாகப் பாருங்கள். பிறகு அந்தந்த நாட்டு உரிமத் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு. கிடைக்கும் சம்பளம் ஊர்ச் சம்பளத்தைப் போல நான்கைந்து மடங்கு இருக்கும்.

இங்கிலாந்துக்கு ஆங்கிலத் தேர்வு வேண்டும்: ஐ.இ.எல்.டி.எஸ். 7 (எழுத்துப் பகுதியில் மட்டும் 6.5) அல்லது ஓ.இ.டி. மதிப்பீடு, கணினித் தேர்வு, செய்முறைத் தேர்வு, பதிவு ஆகிய நான்குக்கும் சேர்த்து 1,170 பவுண்டு. நம் பணத்தில் ஒரு லட்சத்துக்கு மேல். அங்கே வெளிநாட்டு நர்ஸ்களை எடுப்பது முன்பு போல் இப்போது இல்லை. ஜெர்மனிக்கு மொழிதான் வாசல். பி2 நிலை வரை படிக்க வேண்டும், அதற்கு ஓராண்டு உழைப்பு தேவை.

முகவரிடம் லட்சக்கணக்கில் கொடுக்காதீர்கள். பதிவு பெற்ற முகவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். சவுதி, குவைத் போன்ற 18 நாடுகளுக்கு நர்ஸ்களை அரசு முகமைகள் வழியாகவே அனுப்ப வேண்டும் என்று 2015-ல் விதி வந்தது. தமிழ்நாட்டுக்கு அந்த முகமை, சென்னையில் உள்ள அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். முதலில் அங்கே பதிவு செய்யுங்கள்.

அசல் சான்றிதழைக் கொடுத்தால்தான் வேலை என்கிறார்கள். கொடுக்கலாமா?

கூடாது. சரிபார்த்துவிட்டு அன்றே திருப்பித் தர வேண்டும், நகல் மட்டும் வைத்துக்கொள்ளலாம். வேலையை முன்கூட்டியே விடுவதற்குப் பாண்ட் காசைக் கட்டினால்தான் சான்றிதழ் என்று மிரட்டினால் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் போலீசிலும் கவுன்சிலிலும் புகார் கொடுங்கள். பதிவுத் தபால் நோட்டீஸ் போனவுடனேயே பல இடங்களில் சான்றிதழ் திரும்பி வந்திருக்கிறது.

பையன் நர்சிங் படிக்கலாமா?

படிக்கலாம். ஆனால் போட்டி கடினம். எய்ம்ஸ் பணிகளில் 80 சதவீதம் பெண்களுக்கு. கல்லூரி இடங்களிலும் பெண்களுக்கே பெரும்பகுதி. அதனால் பையனுக்குக் கடன் இன்னும் குறைவாக இருக்க வேண்டும். அவசர சிகிச்சை, டயாலிசிஸ், இதய ரத்தக்குழாய்ச் சிகிச்சை செய்யும் கேத் லேப் ஆகிய இடங்களில் ஆண் நர்ஸ்களை விரும்பி எடுக்கிறார்கள். 108 ஆம்புலன்ஸிலும் வாய்ப்பு உண்டு.

கல்யாணம் ஆனால் வேலையை விட்டுவிடுவாள். பெண்ணுக்கு இவ்வளவு செலவு எதற்கு?

விடுவாள் என்று யார் முடிவு செய்தது? ஐந்து ஆண்டு இடைவெளிக்குப் பிறகும் திரும்பி வர முடிகிற வேலை இது. கணவர் எந்த ஊருக்கு மாற்றலாகிப் போனாலும் அங்கே ஒரு மருத்துவமனை இருக்கும். பதிவை மட்டும் காலாவதியாக விடாமல் புதுப்பித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நகைக்குச் சேர்த்த பணத்தில் ஒரு பங்கைப் படிப்புக்கு எடுத்துக் கடனைக் குறைக்க முடியும் என்றால், தயங்காமல் எடுங்கள்.

எம்.எஸ்சி. உடனே படிக்கலாமா?

பி.எஸ்சி. கடன் பாக்கி இருக்கும்போது வேண்டாம். கல்லூரியில் கற்பிக்க விருப்பம் இருந்தால் சில ஆண்டு வார்டில் வேலை பார்த்துவிட்டு, அரசு இடமாகப் பார்த்துப் போங்கள்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது என்ன கேட்க வேண்டும்?

சொந்த மருத்துவமனை இருக்கிறதா, எத்தனை படுக்கை, அதில் நோயாளிகள் உண்மையில் இருக்கிறார்களா என்று பாருங்கள். காலி வார்டில் யாரும் நர்சிங் கற்றுக்கொள்ள முடியாது. மாநில கவுன்சில், இந்திய நர்சிங் கவுன்சில், டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் அல்லது வேறு உரிய பல்கலைக்கழகம் ஆகியவற்றின் அனுமதி இந்த ஆண்டுக்கு இருக்கிறதா என்று அவர்கள் காட்டும் காகிதத்தோடு நிறுத்தாமல் அந்தந்த இணையதளத்திலும் பாருங்கள். நான்கு ஆண்டுக் கட்டணத்தையும் எழுத்தில் வாங்குங்கள். முதல் ஆண்டு குறைவாகச் சொல்லி இரண்டாம் ஆண்டில் ஏற்றுவது நடக்கிறது.

"நூறு சதவீத வேலைவாய்ப்பு" என்றால் போன ஆண்டு முடித்தவர்கள் எங்கே, என்ன சம்பளத்தில் சேர்ந்தார்கள் என்று கேளுங்கள். அலுவலகத்தில் சரியான பதில் வராவிட்டால், மாலையில் கல்லூரி வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும் மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவிகளிடம் பேசுங்கள். கட்டணம், ஹாஸ்டல் சாப்பாடு, கிளினிக்கல் போஸ்டிங் எல்லாவற்றையும் அவர்கள் மறைக்காமல் சொல்வார்கள்.